இலையை யார் கொடுத்தது?

(முக்கூடலில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே, என்னிடம் படித்து இன்று பெற்றோராக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

வாசலில் ஒரு தம்பி என்னை நிறுத்திக் கேட்டார்: "அமெரிக்காவில் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஏ, பி, சி என்று எழுத்து கொடுக்கிறார்களாமே சார். நம் பள்ளி வாசலிலும் அப்படி ஒன்றை மாட்டினால் வாத்தியார்மார் ஒழுங்காகப் பாடம் நடத்துவார்கள் அல்லவா?" நியாயமான கேள்வி. உங்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கியவன் நான். என்னிடம் கணக்குக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த எழுத்து கணக்கைக் காட்டுமா, மூடி மறைக்குமா என்பதுதான் எனக்குள்ள கவலை.

புளோரிடா மாநிலம் 1999-இல் இதைத் தொடங்கியது. பெரும்பாலும் மாநிலத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஏ, பி, சி, டி, எஃப் என்று தரம் பிரித்தார்கள். பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. நியூயார்க் நகரம் 2007-இல் ஆரம்பித்து 2014-இல் கைவிட்டது. வர்ஜீனியா 2013-இல் சட்டம் போட்டது, 2015-இல் அதை நீக்கிவிட்டது.

இந்தியானா மாநிலத்தில் நடந்ததைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். 2012-இல் அங்கே ஒரு பள்ளிக்கு 'சி' வரும்போல் இருந்தது. அதை நிறுவியவர் அரசியல் நன்கொடைகள் நிறையக் கொடுத்தவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அல்ஜீப்ரா மதிப்பெண் பள்ளியின் காலை வாரியது. கல்வித் துறை கணக்கிடும் முறையை மாற்றியது. மேல் வகுப்பு மதிப்பெண்கள் கணக்கிலிருந்து விலகின. 'சி' போய் 'ஏ' வந்தது. மறு ஆண்டு இந்த மாற்றம் பற்றிய துறை மின்னஞ்சல்கள் வெளியானபோது, அந்தத் துறையின் தலைவராக இருந்தவர் புளோரிடாவின் கல்வி ஆணையராகியிருந்தார். தவறு செய்யவில்லை என்று சொன்னார். ஆனாலும் பதவி விலகினார்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்கள் மதிப்பெண்ணைத்தான் விலக்கினார்கள். நான் பிள்ளையையே விலக்கியிருக்கிறேன். ஓர் உயர்நிலைப் பள்ளியில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியே தீர வேண்டும் என்று நெருக்கிய காலம் அது. ஒன்பதாம் வகுப்பில் தட்டுத்தடுமாறிய ஒரு பையனின் அம்மாவைக் கூப்பிட்டு, மாற்றுச் சான்றிதழை நானே எழுதிக் கொடுத்தேன். 'விலகக் காரணம்' என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதினேன். அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பீடி சுற்றிப் புகையிலை வாடை ஏறிய விரல்களால் அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வாரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த ஆண்டு நூறு சதவீதம் வந்தது. எனக்குச் சால்வை போட்டார்கள்.

பீடிக்கடை உங்களுக்குத் தெரியாததா? கடைக்காரர் கொடுப்பதுதான் இலை. காய்ந்ததும் ஓட்டையுமாகக் கொடுத்துவிட்டு, ஆயிரம் பீடி எண்ணிக் கொண்டுபோனால் இது சரியில்லை, அது சரியில்லை என்று கழித்துப்போடுவார். கூலி குறைவது யாருக்கு? இலை கொடுத்தவருக்கா, சுற்றியவருக்கா? பள்ளிக்கு எழுத்து கொடுப்பதிலும் இந்த அநியாயம்தான் நடக்கும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர், வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். அங்கே படிப்பதோ வீட்டில் விளக்கைப் போட்டுச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகள். பாளையங்கோட்டையில் மாலையில் டியூஷன் போகும் பிள்ளையின் மதிப்பெண்ணோடு இந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணை ஒரே தராசில் வைத்தால், முள் காட்டுவது வாத்தியாரின் உழைப்பை அல்ல, அப்பன் வருமானத்தை.

பெரிய எழுத்து எவ்வளவு சொல்லும் என்பதற்கு வீட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. மாநிலங்களின் பள்ளிக் கல்வியை அளக்கும் மத்திய அரசின் 2019-20 தரவரிசைக் குறியீட்டில் தமிழ்நாட்டுக்கு 'ஏ பிளஸ் பிளஸ்' கிடைத்தது. மகிழ்ச்சிதான். உங்கள் தெருப் பள்ளியின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்பது அதில் தெரிந்ததா?

அப்படியானால் வாத்தியாரைக் கேட்கவே கூடாதா? கேளுங்கள். கேட்கும் இடம் சட்டத்திலேயே இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் அதே கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதே அந்தக் குழுதான். தலைமையாசிரியர் நீட்டும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். காலிப் பணியிடம் எத்தனை, எத்தனை மாதமாகக் காலி, ஒன்பதாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் பத்தாம் வகுப்புக்கு வராதவர்கள் யார் யார் என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியை அன்று ஒருவர் என்னிடம் கேட்டிருந்தால் அந்தப் பையன் படித்திருப்பான்.

அடுத்த கூட்டத்துக்கு மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையின் பெயரை எழுதிக்கொண்டு, இவளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஆசிரியரையும், அவருக்கு இன்னொரு ஆள் எப்போது தருவீர்கள் என்று அதிகாரியையும், ஒரே மூச்சில் கேளுங்கள். என்னையும் கூப்பிடுங்கள், வருகிறேன்.