காங்கிரஸ் தலைவர் தேர்தல்: ஜெயித்தவர் கைக்குக் கட்சி வந்ததா?

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழே ஒரே கேள்வியை நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். காங்கிரஸில் தலைவர் பதவிக்கு உண்மையிலேயே ஓட்டுப் போடுவார்களா? போட்டி வந்தால் போடுவார்கள். ஆனால் ஜெயித்தவர் சொல் கட்சியில் எடுபட்டதா என்பது வேறு கதை. இன்றைக்கு அந்தக் கதைதான்.

1885 டிசம்பரில் பம்பாயில் 72 பேர் கூடிக் காங்கிரஸைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் உமேஷ் சந்திர பானர்ஜி. அந்தக் காலத்தில் தலைவர் பதவி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான். மாநாடு, மாலை, நீண்ட தலைமை உரை, அடுத்த வருஷம் வேறு ஊர், வேறு ஆள். சேலம் விஜயராகவாச்சாரியார் 1920இல் நாக்பூர் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார், நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. காந்தி அந்தப் பதவிக்கு வந்தது ஒரே தடவை, 1924இல் பெல்காமில். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை. ஏன் என்று 1939ஐப் பார்த்தால் தெரியும்.

அந்த வருஷம் சுபாஷ் சந்திர போஸ் இரண்டாவது முறையாக நிற்கிறார். எதிரே பட்டாபி சீதாராமய்யா, காந்தியின் ஆதரவு அவருக்குத்தான். எண்ணிப் பார்த்தால் போஸுக்கு 1580, பட்டாபிக்கு 1377. பட்டாபியின் தோல்வி என் தோல்வி என்று காந்தி அறிக்கை விட்டார். அவ்வளவுதான், காற்று திரும்பிவிட்டது. மார்ச்சில் திரிபுரி மாநாட்டுக்குப் போஸ் கடும் காய்ச்சலோடு ஸ்ட்ரெச்சரில் வந்தார். அவருடைய உரையை அண்ணன் சரத் போஸ்தான் படித்தார். அங்கேயே, கட்சியின் முக்கிய முடிவுகளை எடுக்கும் காரியக் கமிட்டியைக் காந்தியின் விருப்பப்படிதான் அமைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஓட்டு வாங்கி வந்த தலைவருக்குத் தன் கமிட்டியைத் தானே போட முடியவில்லை! ஏப்ரல் முடிவதற்குள் ராஜினாமா.

சரி, இதற்கு நேர் எதிரான ஆள் யார்? என் கணக்கில் காமராஜர். 1963இல் முதல்வர் பதவியை விட்டுவிட்டு, 1964 ஜனவரியில் புவனேஸ்வர் மாநாட்டில் தலைமை ஏற்றார். போட்டி கீட்டி எதுவும் இல்லை. ஆனால் மே மாதம் நேரு காலமானதும் மொத்த டெல்லியும் இவர் முகத்தைத்தான் பார்த்தது. எம்.பி.க்கள், முதலமைச்சர்கள் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார். எல்லோர் பேச்சையும் வாங்கிக்கொண்டு, தன் மனசில் இருப்பதை வெளியே விடமாட்டார். அந்த 'பார்க்கலாம்' தெரியுமல்லவா, அதேதான். கடைசியில் அடுத்த பிரதமராக சாஸ்திரி பெயர் வந்தது, போட்டியே இல்லாமல் முடிந்தது. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தபோது மொரார்ஜி தேசாய் விட்டுக்கொடுக்க மறுத்தார். பிரதமர் யார் என்று கட்சி எம்.பி.க்களிடையே ஓட்டெடுப்பு நடந்தது. இந்திரா 355, மொரார்ஜி 169. மாநிலங்களைக் கையில் வைத்திருந்த தலைவர்கள் காமராஜரோடு நின்றார்கள், அதுதான் அவர் பலம்.

ஆனால் பாருங்கள், அவர் கொண்டுவந்து உட்கார வைத்தவரே அந்தப் பலத்தைக் கரைத்தார். 1967இல் காமராஜர் விருதுநகரில் தோற்றார். 1969 நவம்பரில் அப்போதைய தலைவர் நிஜலிங்கப்பா இந்திராவைக் கட்சியைவிட்டு நீக்கினார். விதிப்படி தலைவர்தான் பெரியவர். எம்.பி.க்களில் பெரும்பாலோர் இந்திரா பின்னால் போய்விட்டார்கள், கட்சி உடைந்தது. அதற்குப் பிறகு வந்த தேவகாந்த் பரூவா, 'இந்தியாதான் இந்திரா' என்றே சொன்னார். ஒரு கட்சித் தலைவர் சொல்கிற வார்த்தையா இது? 1978இலிருந்து இந்திராவே தலைவர். அவருக்குப் பின் ராஜீவ், அப்புறம் நரசிம்ம ராவ்.

1997இல் சீதாராம் கேசரி 6224 ஓட்டு வாங்கி சரத் பவாரையும் ராஜேஷ் பைலட்டையும் தோற்கடித்தார். பவாருக்கு வெறும் 882. இவ்வளவு ஓட்டு வாங்கிய மனிதரை 1998 மார்ச்சில் காரியக் கமிட்டி ஒரே கூட்டத்தில் ஓரங்கட்டிவிட்டு சோனியாவைக் கொண்டுவந்தது. எனக்கு இது திரிபுரியைவிட மோசமாகப் படுகிறது. அங்கே மாநாட்டிலாவது விவாதம் நடந்தது.

2022க்கு வருவோம். கார்கேயா, சசி தரூரா? நம்ம சத்தியமூர்த்தி பவனிலும் ஓட்டுப்பெட்டி வைத்தார்கள். ஆதரிப்பவர் பெயருக்கு நேரே '1' என்று எழுதச் சொன்னார்கள் முதலில். சீட்டிலோ கார்கேயின் வரிசை எண்ணும் 1தான்! தரூர் தரப்பு புகார் செய்த பிறகு டிக் அடித்தால் போதும் என்று மாற்றினார்கள். கார்கே 7897, தரூர் 1072. தரூர் வாங்கியது குறைவு என்று சிரித்தார்கள். 2000இல் சோனியாவை எதிர்த்த ஜிதேந்திர பிரசாதாவுக்குக் கிடைத்தது 94 ஓட்டு, அதோடு வைத்துப் பாருங்கள்.

1950இல் புருஷோத்தம் தாஸ் டாண்டன் தலைவர் தேர்தலில் ஜெயித்ததையும், நேரு அவரை அடுத்த வருஷமே விலக வைத்ததையும் இதில் விட்டுவிட்டேன். அது தனி வீடியோ. அடுத்த வாரம் போடுகிறேன்.