இரை வீசுவதற்கும் தடை வேண்டும்
(திருகோணமலையில் கடற்றொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

அவையிலிருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

சுறாப் புட்டு அவியாத வீடு நம் ஊரில் குறைவு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று பால்சுறா தேடிச் சந்தைக்குப் போகாத தாய் யார்? சுறாவைத் தொடாதே என்று சொல்ல நான் வரவில்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

செட்டையை மட்டும் அறுத்தெடுத்து உடலைக் கடலில் எறியாதே, செட்டையோடு கரைக்குக் கொண்டுவா என்கிறது 2001ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி. நீண்ட வால் சுறாவின் மூன்று இனங்களையும் பிடிக்கக் கூடாது என்று 2012இல் தடை வந்தது. பின்னர் திமிங்கிலச் சுறாவுக்கும் வெண்முனைப் பெருங்கடல் சுறாவுக்கும் காவல் கிடைத்தது.

நீண்ட வால் சுறாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நீளத்தில் ஏறத்தாழப் பாதி வால்தான். மீன் கூட்டத்துக்குள் பாய்ந்து வாலைச் சாட்டையாகச் சுழற்றும். அடிபட்டு மயங்கிய மீனைத் திரும்பி வந்து விழுங்கும். தூண்டில் இரையையும் அப்படியே அடிப்பதால் பல நேரம் வாலில்தான் முள் கொளுவியிருக்கும். சூடையும் கும்பளாவும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன. இதுவோ ஒரு சூலில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகள்தான் ஈனும். அள்ளிக்கொண்டே போனால் எங்கிருந்து பெருகும்? உயிரோடு ஏறினால் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

பிடிப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், இரை வீசி வரவழைப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை. பிலிப்பைன்ஸின் ஒஸ்லோப்பில் சுற்றுலாப் பயணிகளுக்காகத் திமிங்கிலச் சுறாக்களுக்குக் கூனி ஊட்டிப் பழக்கினார்கள். அவை படகைக் கண்டால் விலகுவதை விட்டு, படகைத் தேடி வந்தன. உடம்பெல்லாம் படகு உரசிய தழும்புகள். அமெரிக்காவின் புளோரிடாவோ 2001லேயே சுழியோடிகள் சுறாவுக்கு இரை போடுவதைத் தடுக்கத் தீர்மானித்துவிட்டது.

நமக்குப் புறாமலை இருக்கிறது. 2003இல் தேசிய பூங்காவான அந்தத் தீவைச் சுற்றி, முருகைக்கல் ஓரத்து ஆழமற்ற நீரில், கருமுனைச் சுறாக்கள் தாமாகவே சுற்றித் திரிகின்றன. அவற்றைக் காட்ட ஒரு துண்டு மீனும் தேவையில்லை. காலையில் அமைதியாக நீந்தினால் போதும். நிலாவெளிப் படகுக்காரத் தம்பிமார் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள்.

அதிகாரிகளிடம் இரண்டே கேட்கிறேன். கொட்பே துறைமுகத்தில் தடைசெய்த சுறாக்களின் படங்களைத் தமிழ் விளக்கத்தோடு பெரிதாக மாட்டுங்கள். புறாமலை டிக்கெட் கொடுக்கும் இடத்தில், சுறாவுக்கு இரை போடக் கூடாது என்று எழுதி வையுங்கள், அடுத்த பருவம் தொடங்கும் முன்பே.