பரண் மேலே ஒரு எக்ஸ்ரே

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணிப் பேச்சாளர்களே, காகிதப்பட்டறைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். வணக்கத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்களுடையது கழிக்கிற அணி, வணக்கத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டோம்.

தலைப்பைப் பேனரில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்: 'வீட்டுக்கு நிம்மதி தருவது சேர்த்து வைப்பதா, கழித்துக் கட்டுவதா?' நான் எப்படி இந்த அணிக்கு வந்தேன் என்ற உண்மையையும் சொல்லிவிடுகிறேன். விழாக் குழுவிலிருந்து போன் பண்ணி, 'சார், எந்த அணி வேணும்?' என்றார்கள். 'எந்த அணிக்கு மொதல்ல டீ குடுப்பீங்க?' என்று கேட்டேன். என் கொள்கை அவ்வளவுதான்.

ஆனால் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால், இந்தத் தலைப்பில் வேலூர்க்காரனுக்குப் பாடம் எடுக்க யாராலும் முடியாது. வெளியூர்க்காரன் நம்மைக் கிண்டல் பண்ணுவானே, கோட்டை உண்டு ராஜா இல்லை, ஆறு உண்டு தண்ணி இல்லை, மலை உண்டு மரம் இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை என்று, அதைக் கேட்டு எத்தனை வருஷம் வெட்கப்பட்டோம்! இன்றைக்கு அதே சமாச்சாரத்துக்கு மினிமலிசம் என்று பெயர் வைத்து, வகுப்பு எடுத்து, காசு வாங்குகிறார்கள். வட ஆற்காடு என்று எவ்வளவு பெரிய மாவட்டம் வைத்திருந்தோம். 1989-ல் திருவண்ணாமலையைக் கழித்தோம். 2019-ல் ராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் சேர்த்துக் கழித்தோம். ஆம்பூர் பிரியாணி ஒரு மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆற்காடு மக்கன் பேடா இன்னொரு மாவட்டத்துக்குப் போய்விட்டது, நம் கையில் மிஞ்சியது முள்ளுக் கத்திரிக்காய். அழுதோமா? கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

எங்கள் அணித் தம்பி 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்று ஆரம்பித்ததும் எதிரணித் தலைவி டீச்சர் அம்மா பிடித்துக்கொண்டார்கள். 'அது நன்னூல் தம்பி, பவணந்தி முனிவர் சொல்லுக்குச் சொன்ன இலக்கணம், உங்க வீட்டுக் குண்டானுக்குச் சொன்னதில்லை' என்றார்கள். சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சொல் இடத்தை அடைக்காது, தூசி பிடிக்காது, அதற்குள் பல்லி முட்டை போடாது. அதையே கழிக்கலாம் என்று முனிவர் விட்டுவிட்டார் என்றால், குண்டானைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

எங்கள் பக்கத்து நியாயமான வாதத்தை ஒரே நிமிடத்தில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு யாரும் கை தட்டப்போவதில்லை. மொட்டை மாடியில் 'எதுக்காவது உதவும்' என்று போட்டு வைத்த டயர், தேங்காய் ஓடு, மூடி இல்லாத குடம், இதில் ஒரு மழைத்தண்ணீர் தேங்கினால் போதும், ஏடிஸ் கொசு வந்து முட்டை போடும், ஏழெட்டு நாளில் கொசு பறக்கும், பின்னாலேயே டெங்கு வரும். மாநகராட்சி ஆள் வந்து கவிழ்த்துவிட்டுப் போகிறார், அவர் தெருமுனை திரும்புவதற்குள் நாம் நிமிர்த்தி வைக்கிறோம். இன்னும் மூன்று நாளில் போகி. டயரைக் கொளுத்தித் தெருவையே இருமவைக்காமல் காயலான் கடைக்குப் போடுங்கள், நாலு காசு வரும். வாதம் முடிந்தது. இனிமேல் கதை.

வேலூரில் யார் வீட்டுக்குப் போனாலும் பீரோ மேலேயோ பரண் மேலேயோ ஒரு பெரிய காக்கி கவர் இருக்கும். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்த ஊர் இது, கட்டில் ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் பெருகியது, கூடவே கவரும் வீட்டுக்கு வீடு பெருகியது. எங்கள் வீட்டுக் கவரில் இருப்பது எங்கள் தாத்தாவின் இடுப்பு. 1986-ல் மாங்காய் பறிக்க மரமேறி விழுந்தார். இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு கூடிவிட்டது, ரெண்டு வருஷம் நன்றாக நடமாடிவிட்டு வேறு நோயில் போய்ச் சேர்ந்தார். இடுப்பு மட்டும் பரண் மேலேயே தங்கிவிட்டது.

என் கல்யாணத்துக்கு, 2003-ல், வீட்டுக்கு வெள்ளையடித்தோம். பரணைக் கழிக்கும்போது அந்தக் கவரை எடுத்துக் குப்பையில் வைத்தேன். எங்கள் ஆயா ஓடி வந்து பிடுங்கினார்.

'டாக்டரு கேட்டா இன்னாடா பண்ணுவ?'

'யார ஆயா கேப்பாரு? தாத்தா செத்துப் பதினஞ்சு வருஷம் ஆச்சே!'

'அதத்தான் சொல்றேன். செத்தவரு எழுந்து வந்து எடுத்துக் குடுப்பாரா? நாமதான் வெச்சிருக்கணும்.'

நடுவர் ஐயா, நீங்கள் எத்தனையோ மேடை பார்த்தவர். இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் தீர்ப்பில் சொல்லுங்கள், நான் இருபது வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் 2011. காயலான் கடைக்காரரை வீட்டுக்கே வரவழைத்தேன், ஆயா தூங்குகிற நேரமாகப் பார்த்து. அவர் கவரைத் திறந்து பார்த்துவிட்டு, 'சார், இத தனியா போடுங்க, எக்ஸ்ரே ஃபிலிம்ல வெள்ளி இருக்குது' என்றார். உண்மைதான், பழைய ஃபிலிமில் கொஞ்சம் வெள்ளி உண்டு, அதைப் பிரித்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் அந்த 'வெள்ளி'யைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் இடி விழுந்தால் கேட்காத காது எங்கள் ஆயாவுக்கு, அந்த ஒரு சொல் கேட்டுவிட்டது. எழுந்து வந்தார். 'வெள்ளியா? அப்ப இப்ப இன்னாத்துக்குக் குடுக்கணும்? வெல ஏறட்டும்.' அன்றிலிருந்து டிவியில் தங்கம் வெள்ளி நிலவரம் வந்தால் ஆயா சத்தத்தைக் கூட்டச் சொல்வார். தாத்தாவின் இடுப்பு இன்றைக்கு என்ன விலை என்று தினமும் பார்த்துவிட்டுத் தூங்கின குடும்பம் எங்கள் குடும்பம்.

மூன்றாவது முறை நான் கழிக்கவே போகவில்லை, அதுவாக இறங்கி வந்தது. 2019 டிசம்பர் 26, காலையில் சூரிய கிரகணம். தெருவில் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். என் பெண் கண்ணாடி கேட்கிறாள், வீட்டில் இல்லை. ஆயா ஒன்றுமே பேசாமல் உள்ளே போய், பரணிலிருந்து கவரை இறக்கச் சொல்லி, என் கையில் கொடுத்தார். முகத்தில் ஒரு பெருமை பாருங்கள், 'வெச்சது உதவுச்சா இல்லையா?' என்று. தாய்மார்களே, நீங்கள் யாரும் இதைச் செய்யாதீர்கள், எக்ஸ்ரே ஃபிலிமை வைத்துச் சூரியனைப் பார்த்தால் கண் கெட்டுவிடும், அதற்கென்று தனிக் கண்ணாடி விற்கிறது. அன்றைக்கு எங்களுக்கு ஆயா சொன்னதுதான் விஞ்ஞானம். தாத்தாவின் இடுப்பு வழியாகக் கிரகணம் பார்த்தோம். என் பெண், 'அப்பா, இங்க வெள்ளையா குழாய் மாதிரி இன்னா?' என்றாள். இடுப்பெலும்பு ஓரமாக, சுண்டுவிரல் பாதி நீளத்துக்கு ஏதோ தெரிந்தது. 'ஆபரேஷன்ல வெச்ச கம்பியா இருக்கும் பாப்பா' என்றேன். ஆயா ஃபிலிமை வாங்கி முந்தானையில் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

பின்னால் இப்போதுதான் வந்து உட்காருகிற அண்ணனுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், அண்ணே, செத்துப்போன எங்க தாத்தாவோட இடுப்பு எக்ஸ்ரே, ஒருமுறை டாக்டருக்காக, ஒருமுறை வெள்ளிக்காக, ஒருமுறை சூரியனுக்காகத் தப்பிச்சிடுச்சி. நீங்க உக்காருங்க.

இப்போது டீச்சர் அம்மாவுக்கு வருகிறேன். பேச்சை முடிக்கும்போது ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பூசை இல்லாமல் கிடந்த காலத்தில் சாமியைச் சத்துவாச்சாரியில்தான் பத்திரமாக வைத்திருந்தார்கள், 'இந்தக் கழிக்கிற கூட்டம் மட்டும் அன்னைக்கு அங்க இருந்திருந்தா, நானூறு வருஷமா சும்மாத்தான இருக்குதுன்னு எடுத்துப் போட்டிருக்கும், இன்னைக்குக் கோட்டையில சாமி இருந்திருக்குமா?' என்று கேட்டார்கள். கைதட்டல் அடங்க அரை நிமிடம் ஆயிற்று. நானே தட்டினேன், முதல் வரிசையிலிருந்து என் மனைவி முறைத்ததால் பாதியில் நிறுத்தினேன்.

அம்மா, முதலில் ஒரு முறையீடு. நான் கழிக்கச் சொன்னது ஹார்லிக்ஸ் பாட்டிலை. நீங்கள் தராசின் இன்னொரு தட்டில் ஜலகண்டேஸ்வரரையே தூக்கி வைத்துவிட்டீர்கள், நான் எங்கே போவேன்? சரி, வைத்தது வைத்துவிட்டீர்கள், அந்தக் கதையையே முழுசாகப் பார்ப்போம். சாமி சத்துவாச்சாரியில். சாமி இருக்கவேண்டிய கருவறை காலி. அந்தக் கோயிலை எதற்கு வைத்திருந்தார்கள்? ஆயுதக் கிடங்காக! உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் கல்யாண மண்டபம், தூண்களில் யாளியும் குதிரையும் பாய்கிற மாதிரி செதுக்கியிருக்கிறார்களே, அப்பேர்ப்பட்ட கோயிலைக் கிடங்காக்கி வைத்திருந்தார்கள். சேர்த்து வைக்கிறவன் கண்ணுக்கு அப்படித்தான். கோயிலும் கிடங்கு, கட்டிலுக்கு அடியும் கிடங்கு, துவைக்கிற மிஷின் மேல்மூடியும் கிடங்கு.

1981-ல் நம் ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? 'சத்துவாச்சாரியில பத்திரமாத்தான இருக்குது, இருக்கட்டும்' என்று விட்டார்களா? கொண்டுவந்து அதன் இடத்தில் வைத்தார்கள். சாமி வந்ததும் நாலு கிண்டலில் ஒரு கிண்டல் குறைந்தது, மிச்சம் மூன்றுக்கு நாம் பொறுப்பில்லை. டீச்சர் அம்மா பேசினது அந்த நானூறு வருஷத்தை. நாங்கள் பேசுவது 1981-ஐ. சத்துவாச்சாரிக்காரர்கள் யாராவது கூட்டத்தில் இருந்தால் கை தூக்குங்கள். பாருங்கள், ஏழெட்டுப் பேர், எல்லாரும் சிரிக்கிறார்கள், ஒருத்தரும் 'எங்க சாமியைத் திருப்பிக் குடு' என்று கேட்கவில்லை.

மணி பக்கத்தில் கை போகிறது, தெரிகிறது ஐயா. ரெண்டு நிமிடம்.

ஆயா 2022 ஆடி மாதம் போய்விட்டார். காரியம் முடிந்து ஒரு மாதம் கழித்து நானும் அம்மாவும் பரணை இறக்கினோம். மூடி தொலைந்த தூக்கு, தூக்கு தொலைந்த மூடி, யார் யாரோ பெயர் வெட்டின சொம்பு, ஃபேன் றெக்கை மூன்று, நாலாவது எங்கே என்று கேட்காதீர்கள், என் கல்யாணத்துக்கு வந்து இன்னும் பிரிக்காத லெமன் செட். ஆட்டோ ரெண்டு நடை போயிற்று. கடைசியாக, சுவரோரம் ஒட்டிக்கொண்டு அந்தக் கவர். வீடே காலியாகிவிட்ட தைரியத்தில், டாக்டரும் கேட்கமாட்டார், வெள்ளியும் வேண்டாம் என்று அதையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தேன். அம்மா கையைப் பிடித்துவிட்டார்.

'உங்க தாத்தா மூஞ்சி உனக்கு ஞாபகம் இருக்குதா?'

கொஞ்சம் இருந்தது. வீட்டில் போட்டோ இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

'போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு எங்கயும் நிக்கமாட்டாருடா. கூப்பிட்டாலே ஓடிடுவாரு. மொத்தமா அந்த மனுசன எடுத்த படம் இது ஒண்ணுதான்.'

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் குழாயைக் காட்டி, 'இந்தக் கம்பியாவது...' என்று ஏதோ சொன்னேன்.

'கம்பி ஏது? ஆபரேஷனே பண்ணலியே அவருக்கு. அது தாயத்து. உங்க ஆயா படவேட்டம்மன் கோயில்ல மந்திரிச்சி அவரு அரைஞாண் கயித்துல கட்டிவுட்டது. எக்ஸ்ரே எடுக்கறவரு கழட்டச் சொல்லியிருக்காரு, இவரு கழட்டவே மாட்டேன்னு சண்ட போட்டிருக்காரு. அப்படியே எடுத்துட்டாங்க.'

டாக்டர் கேட்பார், வெள்ளி இருக்கிறது, கிரகணம் வரும் என்று ஆயா எத்தனை காரணம் சொன்னார்! ஒரு இடுப்பெலும்பைக் காட்டி 'இதுதான்டா என் வீட்டுக்காரரு' என்று பேரனிடம் எப்படிச் சொல்வார், வெட்கமாக இருந்திருக்கும். நானும் முப்பது தூக்குக்கும் நாற்பது மூடிக்கும் நடுவில் அதையும் ஒன்றாகத்தான் பார்த்தேன்.

இப்போது பரணில் ஒன்றுமே இல்லை. எக்ஸ்ரேவைக் கூடத்துக் கிழக்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறோம், பக்கத்தில் ஆயா போட்டோ. காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்தால் வெயில் பின்னாலிருந்து அடிக்கும், தாத்தா தெரிவார், தாயத்தோடு.

டீச்சர் அம்மா, 'நீயும் வெச்சிக்கிட்ட இல்ல' என்று எழுதுகிறீர்கள், இங்கேயிருந்தே தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. நடுவர் ஐயா தீர்ப்பை எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும்.

ஆயா சொன்ன மாதிரி வெள்ளி விலையும் ஏறிவிட்டது. கொடுக்கிற மாதிரி இல்லை. மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்கிறேன்.