எழுபதுக்கு மேல் புராஸ்டேட் புற்று: முதலில் என்ன கேட்பது?

வணக்கம் நேயர்களே.

பயாப்சி, அதாவது சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை முடிவில் 'புற்றுநோய்' என்ற சொல்லைப் பார்த்ததுமே வீட்டில் எழும் கேள்வி, "ஆபரேஷன் எப்போது?" என்பதுதான். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பிதான் புராஸ்டேட். அதில் வரும் புற்றில் அந்தக் கேள்விக்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. இந்த நோய் என் ஆயுளுக்குள் எனக்குத் தொல்லை தருமா? பெரும்பாலான புராஸ்டேட் புற்றுகள் மெதுவாக வளர்கிறவை. சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கும் மிதமான நோய் என்றால், சில வாரங்கள் எடுத்து யோசிப்பதால் எதுவும் கைமீறிப் போய்விடாது.

யோசிப்பதற்குக் கையில் விவரம் வேண்டும். முதலில் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் அளவு அது. சிறுநீர்த் தொற்று, சுரப்பி வீக்கம், அண்மையில் சிறுநீர்க் குழாய் போட்டது, இவையெல்லாமே அந்த எண்ணை ஏற்றிவிடும். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. சுரப்பி வீக்கத்துக்காக ஃபினாஸ்டிரைடு அல்லது டூட்டாஸ்டிரைடு மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்கு பி.எஸ்.ஏ. ஏறத்தாழ பாதியாகக் குறைந்து காட்டும். 3 என்று வந்தால் அதை 6 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையின் பெயரைச் சொல்ல மறந்தால் மருத்துவருக்கு இது தெரிய வழியில்லை.

அடுத்தது கிளீசன் ஸ்கோர், புற்று எவ்வளவு முரடானது என்று காட்டும் எண். பயாப்சியில் வழக்கமாக 12 துணுக்குகளாவது எடுப்பார்கள். அதிகமாகத் தென்படும் செல் அமைப்புக்கு ஓர் எண், கூடவே இருக்கும் அடுத்ததற்கு ஓர் எண், இரண்டையும் கூட்டினால் ஸ்கோர். "பத்துக்கு ஆறாமே" என்று பதறுகிறவர்கள் உண்டு. நடைமுறையில் இந்த அளவுகோல் ஆறில்தான் தொடங்குகிறது. 3+3 என்பதுதான் அடிமட்டம். 3+4, 4+3 இரண்டுமே கூட்டினால் ஏழுதான், ஆனால் நான்கு முன்னால் வந்தால் நோய் கொஞ்சம் முரட்டு ரகம். இந்த எல்லைக்கோட்டில் நிற்கிறவர் அதே ஸ்லைடுகளை இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டுவது வீண் வேலை அல்ல. மூன்றாவது, பரவல். எம்.ஆர்.ஐ., எலும்பு ஸ்கேன், பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எல்லாம் இதற்காகத்தான். 3+3 ஸ்கோரும் குறைந்த பி.எஸ்.ஏ.வும் உள்ளவருக்கு எலும்பு ஸ்கேன் பொதுவாகத் தேவைப்படாது.

இவ்வளவும் நோயைப் பற்றியது. இனி ஆளைப் பற்றி. 78 வயதில் தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறவரும், 70 வயதில் இதய நோயோடு படியேற முடியாதவரும் ஒன்றல்ல. அதனால்தான் முதியோர் புற்றுநோய் மருத்துவத்தில் ஜி8 என்ற சிறு கேள்வித்தாளை வைத்திருக்கிறார்கள். எட்டே கேள்விகள்: சாப்பாடு, எடை இழப்பு, நடமாட்டம், ஞாபகம், மாத்திரைகளின் எண்ணிக்கை என்று போகும். மொத்தம் 17 மதிப்பெண். 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் சிகிச்சையைத் தீர்மானிப்பதற்கு முன் முழு முதியோர் பரிசோதனை வேண்டும். ஆயுள் இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் எதிர்பார்க்கலாமா என்பதுதான் மருத்துவர்கள் மனத்துக்குள் போடும் கணக்கு. அதை வாய்விட்டுக் கேட்பதில் தவறில்லை.

பிரிட்டனில் நடந்த புரோடெக்ட் ஆய்வு இங்கே உதவும். 50 முதல் 69 வயதுக்குள், சுரப்பிக்குள் அடங்கிய நோயுள்ள 1,643 பேரைக் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்தார்கள். 15 ஆண்டு முடிவு 2023இல் வந்தது. எந்தப் பிரிவில் இருந்தாலும் புராஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் 100க்கு ஏறக்குறைய மூன்று பேர்தான். ஆனால் நோய் வேறு இடத்துக்குப் பரவியது கண்காணிப்பில் 100க்கு 9 பேருக்கு, மற்ற இரண்டிலும் 5 பேருக்கு. இரண்டு எண்ணையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துவிடுகிறார்கள். 'தீவிரக் கண்காணிப்பு' வேறு, 'பொறுத்துப் பார்ப்பது' வேறு. முன்னதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ., ஓராண்டுவாக்கில் மறுபடி பயாப்சி, இடையிடையே எம்.ஆர்.ஐ. என்று போகும், நோய் வேகமெடுத்தால் குணப்படுத்தும் சிகிச்சைக்கு மாறுவார்கள். பின்னது, வேறு நோய்களால் தளர்ந்தவருக்கு. தொல்லை வந்தால் தொல்லைக்கு மட்டும் மருந்து. உங்களுக்குச் சொன்னது இதில் எது என்று கேட்டுத் தெளியுங்கள்.

சுரப்பியை அகற்றும் அறுவைக்குப் பின் ஒன்றிரண்டு வாரம் சிறுநீர்க் குழாய் இருக்கும். அதை எடுத்ததும் சிறுநீர் கசியும். பலருக்கு மாதக்கணக்கில் சரியாகிவரும், வயது கூடக் கூடத் தாமதமாகும். ஆண்மைக் குறைவும் வரலாம். இடுப்படித் தசைப் பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்க வேண்டும். வாயுவை அடக்குவது போல உள்ளே இறுக்கி, பத்து எண்ணி விடுவது. பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கி வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்குகிறவர்களுக்குப் பயன் கிடைக்காமல் போவது இந்தப் பிழையால்தான்.

கதிர்வீச்சு இப்போது பெரும்பாலும் நாலு வாரத்தில் 20 அமர்வு. தகுந்தவர்களுக்கு ஐந்தே அமர்விலும் முடிகிறது. ஒவ்வொரு நாளும் சிறுநீர்ப்பை நிரம்பியும் மலக்குடல் காலியாகவும் இருக்க வேண்டும். பை நிரம்பினால் குடல் கதிரின் பாதையிலிருந்து விலகும். மலக்குடலில் வாயு இருந்தால் சுரப்பி இடம் மாறிவிடும். அவசரமாக வந்துவிடுமோ என்று பயந்து தண்ணீரைக் குறைப்பதுதான் பெரியவர்கள் செய்யும் தவறு. ஏற்கெனவே சிறுநீர் அடைப்பு உள்ளவருக்குக் கதிர்வீச்சு அதைக் கூட்டும். முதலில் அடைப்பைச் சரிசெய்துவிட்டுப் போவது நல்லது. ஓரிரு ஆண்டு கழித்து மலத்தில் ரத்தம் வந்து கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்ய நேர்ந்தால், கதிர்வீச்சு எடுத்ததை முன்கூட்டியே சொல்லுங்கள். மலக்குடலின் முன்சுவரில் துணுக்கு எடுத்தால் அந்தப் புண் ஆறுவது கடினம்.

"வயதானவர், ஊசி மட்டும் போடுங்கள்" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. ஆண் ஹார்மோனை அடக்கும் இந்த ஹார்மோன் ஊசி சாதுவாகத் தெரிகிறது, அப்படியில்லை. உடல் சூடேறி வியர்க்கும், தசை கரையும், எலும்பு மெலியும், சர்க்கரையும் இதயச் சிக்கலும் கூடும். சுரப்பிக்குள் அடங்கி, தொல்லை எதுவும் தராத நோய்க்கு ஊசியை மட்டும் போடுவதில் பொதுவாகப் பயன் இல்லை. கதிர்வீச்சுக்குத் துணையாகவும் பரவிய நோய்க்கும் அது உண்மையிலேயே வேண்டிய மருந்து. அப்போது தொடக்கத்திலேயே எலும்பு அடர்த்திப் பரிசோதனையும், எடை தூக்கும் பயிற்சியும் சேர வேண்டும். பரவிய நோயில் முதல் ஊசி சில நாள் நோயைத் தூண்டிவிடக்கூடும் என்பதால், அதை அடக்கும் மாத்திரையை முன்னதாகவே தொடங்குவார்கள். அதைத் தவறவிடக் கூடாது.

எலும்புக்குப் பரவியவர் வீட்டில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். புதிதாக முதுகுவலி, கூடவே கால் வலுவிழப்பது, மரத்துப்போவது, சிறுநீர் கட்டிக்கொள்வது என்றால் தண்டுவடம் நசுங்குகிறது என்று பொருள் கொள்ளுங்கள். அடுத்த சந்திப்புத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், வாசலிலேயே "இவருக்குப் புராஸ்டேட் புற்று இருக்கிறது" என்று சொல்லுங்கள். கால் முழுக்கச் செயலிழப்பதற்கு முன் போனவர்தான் மறுபடி நடந்து வருகிறார்.

நன்றி, வணக்கம்.