முதுகு வளைவு யாருக்குக் கூடும்? கோணத்தோட எலும்பையும் பாருங்க

[திரை: தையல் கடை. அளவு டேப் பிடித்த கை. பள்ளிச் சீருடை போட்ட ஒரு பெண்ணின் முதுகு.]

ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னால யூனிஃபார்முக்கு அளவு எடுக்குற நேரம். டெய்லர் அக்கா வலது தோள்ல டேப்பை வெச்சுப் பார்க்குறாங்க, இடது தோள்ல வெச்சுப் பார்க்குறாங்க. மறுபடியும் வலது. "பாப்பா, நேரா நில்லும்மா." பாப்பா நேராத்தான் நிக்குறா. டெய்லர் திரும்பி அவங்கம்மாவைப் பார்க்குறாங்க. "ஏன்க்கா, இவளுக்கு ஒரு பக்கத் தோள் ஏறி இருக்கே, கவனிச்சீங்களா?"

பல வீடுகள்ல விஷயம் இப்படித்தான் தெரிய வருது. டெய்லர் கடையில, இல்லைன்னா ரெட்டை ஜடை பின்னும்போது. பெரும்பாலும் வலி இருக்காது. அதனால பிள்ளைக்கே தெரியாது.

இதுக்குப் பேரு ஸ்கோலியோசிஸ். இது கூன் இல்லை. கூன்னா முதுகு பின்னால புடைச்சு ஆள் முன்பக்கமா வளையுறது. இதுல முதுகுத்தண்டு பக்கவாட்டுல வளையுது, வளையும்போதே திருகவும் செய்யுது. 10 வயசுக்கு மேல, இன்னதுதான் காரணம்னு சொல்ல முடியாம வர்ற வகைதான் அதிகம். 100 பிள்ளைங்கள்ல 2, 3 பேருக்கு இருக்கு. சின்ன வளைவுகள் பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் ஓரளவு சமமாத்தான் வருது. 30 டிகிரியைத் தாண்டுறதுல பொண்ணுங்க பல மடங்கு அதிகம்.

ஒண்ணை இப்பவே சொல்லிடறேன். இது புத்தகப் பையால வந்தது இல்லை. கோணலா உட்கார்ந்து படிச்சதாலயும் வந்தது இல்லை. "நிமிர்ந்து உட்காரு, நிமிர்ந்து உட்காரு"ன்னு நாள் முழுக்கத் திட்டு வாங்குற ஒரு பிள்ளையை நினைச்சுப் பாருங்க. அவளால நிமிர முடியலை, ஏன்னும் தெரியலை. தயவு செஞ்சு அந்தத் திட்டை நிறுத்துங்க.

[திரை: நின்றபடி எடுத்த எக்ஸ்ரே. இரண்டு கோடுகள், நடுவில் ஒரு கோணம்.]

எக்ஸ்ரேயில இந்தக் கோணத்துக்குப் பேரு காப் கோணம். ஜான் காப்னு ஒரு அமெரிக்க எலும்பு டாக்டர் 1948ல சொன்ன முறை. 10 டிகிரியும் அதுக்கு மேலயும் இருந்தா ஸ்கோலியோசிஸ்.

ஆனா பெத்தவங்க கேக்குற கேள்வி வேற. "இது இன்னும் கூடுமா?"

அதுக்குப் பழைய பதில் ஒண்ணு இருக்கு: இன்னும் எவ்வளவு வளர வேண்டியிருக்குன்னு பாரு. இடுப்பெலும்போட மேல் விளிம்புல ஒரு குருத்தெலும்பு மெல்ல மெல்ல எலும்பா மாறிக்கிட்டு வரும். அது எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு 0லேர்ந்து 5 வரைக்கும் எண் போடுவாங்க, அதுதான் ரிஸ்ஸர். எண் குறைவா இருந்தா இன்னும் நிறைய வளர வேண்டியிருக்குன்னு அர்த்தம். 1984ல லான்ஸ்டைன், கார்ல்சன்னு ரெண்டு பேர் 727 பிள்ளைங்களை வெச்சு ஒரு கணக்குக் கொடுத்தாங்க. வளைவு 20லேர்ந்து 29 டிகிரி, ரிஸ்ஸர் 0 அல்லது 1. இவங்கள்ல 68 சதவீதம் பேருக்கு வளைவு கூடுச்சு. அதே வளைவு, ஆனா ரிஸ்ஸர் 2லேர்ந்து 4 இருந்தவங்கள்ல 23 சதவீதம் பேருக்குத்தான் கூடுச்சு.

இதையே திருப்பிப் பாருங்க. அந்த 68 போக மீதி 32 பேர்? அதே வளைவு, அதே வளர்ச்சி. ஆனா கூடலை. என்ன வித்தியாசம்?

[திரை: ஹாங்காங், ஷா டின் பகுதி. எலும்பு அடர்த்தி ஸ்கேன் மேசை.]

இங்கதான் எலும்பு கதைக்குள்ள வருது. ஹாங்காங்ல 1995லேர்ந்து பள்ளிப் பிள்ளைங்களுக்கு முதுகுப் பரிசோதனைத் திட்டம் நடக்குது. அங்க இருக்குற சீனப் பல்கலைக்கழகத்துல ஜாக் செங் குழுவினர் பல வருஷமா இதைத் துருவிப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. ஸ்கோலியோசிஸ் இருக்குற பொண்ணுங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்திக்கு, அவ வயசுக்கு இருக்க வேண்டியதை விட எலும்பு அடர்த்தி குறைவா இருக்கு. 2005ல 324 பொண்ணுங்களைத் தொடர்ந்து கவனிச்சு எழுதின ஆய்வுல, வளைவு கூடுறதை முன்கூட்டியே காட்டுற அடையாளங்கள்ல இதுவும் ஒண்ணுன்னு தெரிஞ்சுது. ஆரம்பத்துலயே பெரிய வளைவு, இன்னும் வயசுக்கு வராதது, இதுங்களோட சேர்த்து இடுப்புப் பகுதியில குறைஞ்ச எலும்பு அடர்த்தி.

"முதுகு கோணினதால எலும்பு மெலிஞ்சிருக்கலாமே?"ன்னு நீங்க கேட்கலாம். சரியான கேள்வி. அதனாலதான் மணிக்கட்டைப் பார்த்தாங்க. மணிக்கட்டு வளையலை, முதுகோட பாரமும் அதுல விழலை. ஆனா அங்கயும் எலும்பு மெலிஞ்சிருந்துச்சு. அப்போ இது முதுகோட மட்டும் நிக்கிற விஷயம் இல்லை, உடம்பு முழுக்க எலும்பு கட்டுற விதத்துலயே ஏதோ குறை. எது முதல்ல, எது பின்னாலங்குற வாதம் இன்னும் ஓயலை. எனக்கு மணிக்கட்டுச் சாட்சி ரொம்பக் கனமாத் தெரியுது.

[திரை: கல்யாணப் பந்தல். மூங்கில்கள், கயிற்றுக் கட்டுகள்.]

'எலும்புத் தரம்'னா அடர்த்தி மட்டும் இல்லை. ஒரு பந்தலை நினைச்சுக்கோங்க. மொத்தம் எத்தனை கிலோ மூங்கில்ங்குறது ஒரு கணக்கு. எலும்பு அடர்த்தியை அளக்குற டெக்ஸா ஸ்கேன் சொல்றது கிட்டத்தட்ட அதைத்தான். ஆனா பந்தல் நிக்கிறது கனத்தால மட்டுமா? கால் எத்தனை, எவ்வளவு நெருக்கமா நட்டிருக்கு, குறுக்கு மூங்கில் எங்கெங்க கட்டியிருக்கு? எலும்புக்குள்ளயும் அப்படி ஒரு வலைப்பின்னல் இருக்கு. நுண்ணிய சி.டி. ஸ்கேன்ல பார்த்தா, இந்தப் பொண்ணுங்களுக்கு அந்தப் பின்னல்ல கால்கள் குறைவு, வெளிச்சுவரும் மெலிசு.

[திரை: செங்கல் சூளை. அடுக்கி வைத்த பச்சைக்கல்.]

இப்ப நேரத்துக்கு வருவோம். பொண்ணுங்க மடமடன்னு உயரமாகுறது 11, 12 வயசுல. எலும்புல தாது சேர்ற உச்சம் அதுக்குச் சில மாசம் கழிச்சுத்தான் வருது. கனடாவுல சாஸ்கட்செவன்ல பிள்ளைங்களை வருஷக்கணக்காத் தொடர்ந்து அளந்து கண்டுபிடிச்சது இது. அந்த உச்சத்தை ஒட்டின 2 வருஷத்துலயே, பெரியவங்களானதும் இருக்குற எலும்புத் தாதுல கால்வாசி சேர்ந்துடுது.

அதாவது உயரம் முன்னால ஓடுது, உறுதி பின்னால வருது. நடுவுல இருக்குற அந்த மாசங்கள்ல எலும்பு பச்சைக்கல் மாதிரி. அச்சுல வார்த்தாச்சு, சூளையில இன்னும் வேகலை. பச்சைக்கல்லை நேரா அடுக்கினா நிக்கும். அடுக்கு கொஞ்சம் சாய்ஞ்சா, சாய்ஞ்ச பக்கத்து ஓரம் நசுங்கும். நசுங்கினதும் அதுக்கு மேல இருக்குற கல்லும் சாயும்.

முதுகுல இன்னொண்ணும் சேருது. வளர்ற எலும்புல அழுத்தம் கூடின பக்கம் வளர்ச்சி மட்டுப்படும், அழுத்தம் குறைஞ்ச பக்கம் வேகமா வளரும். ஹூட்டர்–வோல்க்மன் விதின்னு சொல்வாங்க. வளைவோட உட்பக்கம் வளராம நிக்குது, வெளிப்பக்கம் வளருது, முள்ளெலும்பு ஆப்பு மாதிரி ஆகிடுது. ஏற்கெனவே மெலிஞ்ச எலும்பா இருந்தா இந்தச் சுழல் சீக்கிரம் பிடிச்சுக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் விளக்குறாங்க.

[திரை: பிரேஸ் அணிந்த பெண், மேலே தளர்வான சட்டை.]

அப்போ கால்சியம் கொடுத்தா முதுகு நேராகிடுமா? ஆகாது. ஹாங்காங்ல கால்சியமும் வைட்டமின் டியும் 2 வருஷம் கொடுத்துப் பார்த்தாங்க, எலும்பு அடர்த்தி கூடுச்சு. அதுக்குன்னு எலும்பைப் பலப்படுத்துறதையும் வளைவைத் தடுக்குறதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. 13லேர்ந்து 15 வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேணும். 100 கிராம் கேழ்வரகுல சுமார் 350 இருக்கு. கேழ்வரகும் பாலும் மோரும் கொடுங்க, வெயில்ல ஓடி விளையாட விடுங்க. ஆனா டாக்டர் பிரேஸ், அதாவது வளைவு கூடாம இருக்க உடம்பைச் சுத்திப் போடுற பிளாஸ்டிக் கூடு, போடச் சொல்லியிருந்தா, அதுக்குப் பதிலா இதுன்னு நினைச்சுடாதீங்க.

பிரேஸுக்கு உறுதியான சாட்சி 2013ல வந்துச்சு. அமெரிக்காவுலயும் கனடாவுலயும் நடந்த ஆய்வு. பிரேஸ் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேருக்கு வளைவு 50 டிகிரியைத் தொடாமலே வளர்ச்சி முடிஞ்சுது. போடாதவங்கள்ல 48 சதவீதம். ஒரு நாளைக்கு 13 மணி நேரத்துக்கு மேல போட்டவங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல. பலன் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆய்வையே சீக்கிரம் நிறுத்திட்டாங்க. அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள வெயில் காலத்துல 13 மணி நேரம் இருக்குறது சாதாரணம் இல்லை. அதைச் செய்யுற பிள்ளையை மனசாரப் பாராட்டுங்க.

[திரை: நாட்காட்டி. ஆறு மாதங்கள் புரள்கின்றன.]

"ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னு சொன்னா, 16 வயசுப் பொண்ணுக்கு அது சரி. 11 வயசு, இன்னும் வயசுக்கு வரலை, ஒல்லி, வளைவு 22 டிகிரின்னா, அந்த ஆறு மாசத்துலதான் அவ உயரம் ஓடப்போகுது. "டாக்டர், இவளை இன்னும் சீக்கிரம் பார்க்க வேணாமா? எலும்பு அடர்த்தியும் பார்க்கலாமா?"ன்னு கேளுங்க. கேட்கத் தயங்காதீங்க.

போகும்போது பழைய எக்ஸ்ரேயைக் கையோட எடுத்துட்டுப் போங்க. அளக்குறதுலயே 5 டிகிரி வரைக்கும் முன்னே பின்னே வரும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் உண்மையிலேயே கூடியிருக்கான்னு தெரியும். மாசாமாசம் அவ உயரத்தைச் சுவத்துல கோடு போட்டுக் குறிச்சு வைங்க. வயசுக்கு வந்துட்டான்னா, அந்தத் தேதியையும் ஃபைல்லயே எழுதி வெச்சுடுங்க. டாக்டர் முதல்ல கேட்குறதுல அதுவும் ஒண்ணு.