பேட்டரிக்கு எந்த மூலை?

நேயர்களுக்கு வணக்கம். சோலார் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் பேனலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்தத் திசை, எவ்வளவு சாய்வு என்று. பேட்டரியை எங்கே வைப்பது என்று கேட்பவர் குறைவு. காலியாக இருக்கும் மூலையில் வைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் வைத்தேன்.

தாராபுரம் பக்கம் எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, மின்கம்பி வந்து சேரவில்லை. அதனால் சோலாருக்கு 150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி, அதாவது ஈய அமில வகை, நான்கு வாங்கி, 24 வோல்ட்டாகக் கோத்தோம். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல். ஒருமுறை இறக்கி வைத்தால் மறுபடி தூக்க மனசு வராது. வீட்டுக்குள் ஆசிட் வாடை வேண்டாமே என்று பழைய தகரக் கொட்டகையில் வைத்தேன். சித்திரை மாதத்து மத்தியானம் ஒருநாள் பேட்டரி மேல் கை வைத்தால் சுடுகிறது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 46 டிகிரி.

ஈய அமில பேட்டரிக்குச் சொல்லப்படும் ஆயுள் பெரும்பாலும் 25 டிகிரிக் கணக்கு. அதற்கு மேல் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். என்னுடையவை மூன்றாம் வருஷமே படுத்துவிட்டன.

புதிது வாங்கியபோது அம்மாதான் கேட்டார், "ஏங்கண்ணு, பானை வெக்கிற மூலையில வெச்சா என்ன?" யோசித்துப் பார்த்தால் சரிதான். தண்ணீர்ப் பானை இருக்கும் இடம்தானே வீட்டிலேயே குளிர்ச்சியானது? எங்கள் வீட்டில் அது வடகிழக்கு மூலை. மேற்குச் சுவர் சாயங்கால வெயிலை முழுக்க வாங்கிக்கொண்டு ராத்திரி வரை அனலடிக்கும். அந்தப் பக்கமே போகக் கூடாது. வடக்குச் சுவரிலும் வைகாசி, ஆனி மாதங்களில் கொஞ்சம் வெயில் சாயும். நம் ஊரில் அப்போது சூரியன் உச்சிக்கு வடக்கே போய்விடுகிறது. கூரையை இரண்டடி நீட்டிவிட்டால் போதும்.

ஆனால் பானைக்குப் பக்கத்திலேயே வைக்க முடியாது. சார்ஜ் ஏறும்போது இந்த பேட்டரிகள் ஹைட்ரஜனை விடும். காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். படுக்கையறை, அடுப்படி, விளக்கேற்றும் பூஜை அறை எதுவும் ஆகாது. அதனால் அதே மூலைக்கு வெளியே, சுவரை ஒட்டி ஒரு சார்ப்பு இறக்கி, ஓடு போட்டோம். ஹைட்ரஜன் லேசானது, மேலே போய்த் தங்கும். எனவே கூரைக்குக் கீழே ஒரு துளை, தரைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை. இரண்டுக்கும் வலை அடித்தோம். இல்லாவிட்டால் எலி குடித்தனம் வந்துவிடும். மழைத் தண்ணீர் ஏறாமல் செங்கல் மேடை. பேட்டரிக்கு மேலே ஒன்றரை அடி இடம் விட்டோம், டார்ச் அடித்துத் தண்ணீர் மட்டம் பார்க்கத்தான்.

பேட்டரியின் 24 வோல்ட்டை வீட்டுக்கான 230 வோல்ட்டாக மாற்றுவது இன்வெர்ட்டர். அதை பேட்டரிக்கு மேலேயே பலகை போட்டு வைக்கிறார்கள். ஆசிட் ஆவி பட்டு போர்டெல்லாம் பச்சை பூத்துவிடும். எங்களுடையது சுவருக்கு உள்பக்கம். சுவரில் ஓட்டை போட்டு ஒயரை இழுத்ததால் ஒன்றரை மீட்டரில் வேலை முடிந்தது. இந்த நீளத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். 1200 வாட் எடுத்தால் 24 வோல்ட் பக்கம் 50 ஆம்பியர் ஓடும். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரைப் பத்து மீட்டர் தூரம் இழுத்தால், போக வர ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதே 1200 வாட், 230 வோல்ட்டில் ஐந்து ஆம்பியர்தான். தூரம் தவிர்க்க முடியாதென்றால் அதை இன்வெர்ட்டருக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும், பேட்டரி வெளியே சூடாகும். வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் ஒயரை பேட்டரியிலேயே ஒட்ட வேண்டும். இல்லையென்றால் கன்ட்ரோலர் ஏமாந்து, அதிகமாகச் சார்ஜ் ஏற்றி, தண்ணீரை வற்ற வைத்துவிடும்.

ஈய அமிலத்துக்குப் பதில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வாங்கினால் இந்த வாயுத் தொல்லை வழக்கமாக இல்லை. வெயில் அதற்கும் ஆகாது.

பழைய தகரக் கொட்டகையில் இப்போது அம்மா விறகு அடுக்கியிருக்கிறார். அதற்கு அருமையான இடம், ஐப்பசி மழையிலும் ஈரம் ஏறுவதில்லை. நன்றி, வணக்கம்.