சுங்கச்சாவடிக்கு ஒரு மருத்துவ அறை வேண்டும்
(நாமக்கல்லில், சாலைப் பாதுகாப்பு மாதத்தையொட்டி லாரி ஓட்டுநர்களுக்காக நடந்த மருத்துவ முகாமில் பேசியது)

விழாத் தலைவர், லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்களே, காலையிலிருந்து உட்காராமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்கும் செவிலியர் சகோதரிகளே, பந்தலுக்கு வாடகையே வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெரியவர் அவர்களே, ராத்திரி லோடு இறக்கிவிட்டுத் தூங்காமல் நேரே இங்கே வந்திருக்கும் ஓட்டுநர் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. தூக்கம், முதுகுவலி, சர்க்கரை என மூன்றையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். சர்க்கரையில் தொடங்குகிறேன்.

சங்ககிரிப் பக்கத்துக்காரர் ஒருவர். நாக்பூர் லைன் ஓட்டுகிறவர். இன்சுலின் போடுகிறார். வெயிலில் கேபின் கொதிக்கும், மருந்து கெட்டுவிடும். என்ன செய்தார்? சின்ன மண் கலயத்தில் மணலைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மருந்துப் புட்டியைப் பாலிதீனில் சுற்றி உள்ளே புதைத்து சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். தண்ணீர் நிரப்பும் இடத்திலெல்லாம் மணலையும் நனைப்பார். இவ்வளவு கவனமான மனிதர், வண்டி ஓட்டும் நாளில் ஊசி போடுவதில்லை! ஏன் என்று கேட்டேன். "ஊசியப் போட்டுட்டு செக்போஸ்ட்ல மாட்டிக்கிட்டா, சோத்துக்கு எங்கீங்க போறது? சாப்பிடலன்னா சர்க்கரை எறங்கி கை நடுங்குதுங்க. ஸ்டியரிங்க அப்பறம் யாரு புடிக்கிறது?" என்றார். கிளீனர் இல்லாமல் தனியாளாக ஓட்டும் காலம் இது. பேசிக்கொண்டே செருப்பைக் கழற்றினார். வலது பாதத்தில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. இன்ஜின் சூட்டில் வெந்திருக்கிறது, கால் மரத்துப்போனதால் அவருக்குத் தெரியவே இல்லை. சுவர் இருந்தால்தானே ஐயா சித்திரம்?

2025 அக்டோபர் முதல் தயாராகும் புது லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். மகிழ்ச்சி. ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளுக்கு என்ன வழி? 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1961-ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்றது. சரி, அந்த அரை மணி நேரம் எங்கே போய்ப் படுப்பது? டயர் நிழலிலா?

2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. நல்ல திட்டம், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஓட்டுநர் வீட்டில் இருப்பதில்லையே! அவரைத் தேட வேண்டிய இடம் சுங்கச்சாவடி. ஒவ்வொரு சாவடியிலும் கழிப்பறை, குளியலறை, படுக்க ஒரு கூடம், சர்க்கரை பார்க்க ஒரு செவிலியர், மருந்து வைக்க ஒரு பிரிட்ஜ் வேண்டும். கட்டணம் வாங்குகிற இடத்தில் இது பெரிய செலவே இல்லை.

தூக்கத்தையும் முதுகையும் மருத்துவர் ஐயா விளக்குவார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் அறையைக் கிருஷ்ணகிரிச் சாவடியில் கேட்கிறோம். கையெழுத்துக்குப் பக்கத்தில் எந்த லைன் ஓட்டுகிறீர்கள் என்றும் எழுதுங்கள். அடுத்த சாவடியை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம். நன்றி, வணக்கம்.